இரண்டு வரிகளில் ஒருத்தி

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பை தைக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, லேப்டாப் பை எல்லாம் தைத்து அனுப்புவோம். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. நான் எண்ணுகிறவன். காலையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று மஸ்டர் நோட்டில் குறிப்பதுதான் முதலில் என் வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதே வேலையை அதில் செய்தேன். இப்போது விரலை வைத்தால் கருவியே குறித்துக்கொள்கிறது. அடுத்த வருஷம் ஓய்வு பெறும் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எண்ணுவது என்ன பெரிய வேலை என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை. நான் எண்ணிய லட்சணத்தில் ஒரு பெண்ணின் பதினான்கு வருஷம் இரண்டாகப் பிளந்துபோனது. அதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன். அவள் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்தது போதும்.

அவள் முதலியார்பேட்டைக்காரி. என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி அவள் வீடு. அப்பா மில் தொழிலாளி. மில் நின்றபின் அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட, மகள் தையல் கற்றுக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு வந்தாள். ஜிப் வைக்கிற வரிசையில் போட்டார்கள். வளைவில் சுருக்கம் விழாமல் ஜிப் வைப்பது எல்லோருக்கும் வராது. அவளுக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அவள் தைத்த பையைத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பி வரும் பெண்ணை, அவள் வரிசைக்காரிகள் நாலைந்து பேர் சேர்ந்து என் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கையில் ஒரு ஸ்வீட் டப்பா இருக்கும். "சார், இனிஷியல் மாத்த வந்திருக்கா சார்" என்று ஒருத்தி சொல்வாள். நான் ரொம்ப முக்கியமான ஆள் மாதிரி மஸ்டரைப் பிரித்து, "மாப்பிள்ளை பேரு இன்னா?" என்று கேட்பேன். புதுப்பெண் புருஷன் பெயரை வாய் திறந்து சொல்ல மாட்டாள். எழுத்தை மட்டும் சொல்வாள். இதற்காகவே நான் கேட்பேன், இதற்காகவே அவர்கள் காத்திருப்பார்கள்.

"செ" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"செ-ன்னா? செங்கல்லா, செம்பருத்தியா?"

வரிசையே சிரித்தது. அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதுவரை அவள் பெயருக்கு முன்னால் இருந்தது அவள் அப்பாவின் 'கோ'. அந்த மாத மஸ்டரில் அதை அடித்து, மேலே 'செ' என்று எழுதினேன். அடுத்த மாதம் புது நோட்டில் நேராகவே 'செ' எழுதிவிட்டேன். மைசூர்பாகு கொடுத்தாள். நன்றாக இருந்தது, இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கல்யாணத்துக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடிமேல் மணமக்கள் பெயரும் கொடுத்தவர்கள் பெயரும் எழுத வேண்டுமல்லவா, என் கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும் என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். மண்டபத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்கு இனிஷியல் மாறியது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது கம்பெனி செலவில் என்னை மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். டேட்டாபேஸ் என்பதை அங்கேதான் கற்றேன். ஒரு அட்டவணையில் ஆட்கள், ஆளுக்கு ஒரு வரி. இன்னொரு அட்டவணையில் நாட்கள், ஒருவர் ஒரு நாள் வந்தால் ஒரு வரி. இரண்டையும் இணைத்து, ஆளுக்கு எத்தனை நாள் என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் திரையில் நிற்கும். விரலை எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டி மூன்று நாள் கூட்டுகிற கூட்டல் அது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அப்ப இனிமே சீக்கிரம் வந்துடுவீங்க" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

ஆட்களையும் நாட்களையும் இணைக்க, இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு அடையாளம் வேண்டும். எங்களிடம் டோக்கன் எண் இருந்தது. வாசலில் பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் எண். ஆனால் யாராவது கல்யாணம், பிரசவம் என்று லீவில் போனால் அவர் வில்லையைப் புதிதாக வந்தவருக்கு மாட்டிவிடுவோம். திரும்பி வருகிறவருக்குக் கையில் கிடைத்தது கிடைக்கும். பழைய மஸ்டரைப் பார்த்தால் ஒரே எண்ணில் நாலு பேர் வந்துபோயிருப்பார்கள். எனவே எண்ணை நம்ப வேண்டாம், இனிஷியலும் பெயரும் சேர்ந்ததுதான் அடையாளம் என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

கேட்காமலே ஒருவர் சொன்னார். ஸ்டோர்ஸ் பொறுப்பில் ஒருவர் இருந்தார், என் வயதுதான். சொல்தா குடும்பம். அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். ஆனால் அவர் கூப்பிடுகிற விதத்தில் கிண்டல்தான் அதிகம்.

"முசியே, இனிஷியல வெச்சா இணைக்கப் போறீங்க? உங்க பொண்ணுங்களுக்கு கல்யாணம் ஆனா எழுத்து மாறிடுமேய்யா."

"மாறினா மாறட்டும். உங்க வீட்ல மாறாதா?"

"எங்கம்மா செத்தப்பகூட கான்சுலேட் பேப்பர்ல பொறந்த வீட்டுப் பேருதான் இருந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க அதுல மட்டும் தெளிவு."

"அப்ப உங்க கான்சுலேட்டையே வந்து மஸ்டர் எழுதச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் பதிலடி கொடுத்த திருப்தியில் வேலையைத் தொடர்ந்தேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பழைய மஸ்டர்களை எல்லாம் ஏற்ற இரண்டு வருஷம் ஆனது. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து நானே டைப் அடித்தேன். அவளுடைய 'கோ' வரிசையை அடித்ததும் நான்தான், அது நின்ற இடத்தில் 'செ' தொடங்கியதை அடித்ததும் நான்தான். அடிக்கும்போது புருஷன் எழுத்தென்ன, அப்பா எழுத்தென்ன, கண் பார்த்ததைக் கை தட்டிக்கொண்டு போனது.

ஒரு தடவை பெரிய கூத்து நடந்தது. வாரிசுப் பெயர்கள் தனி அட்டவணையில் இருந்தன. எதற்கோ அதையும் சேர்த்து இணைத்துவிட்டு நாட்களை எண்ணினேன். கட்டிங் பிரிவில் ஒருவர் ஒரே வருஷத்தில் எண்ணூற்றுச் சொச்சம் நாள் வேலை பார்த்ததாக வந்தது. மூன்று பிள்ளைகளை வாரிசாக எழுதியிருந்தார். ஆகவே அவர் வந்த ஒவ்வொரு நாளும் மூன்றாகிவிட்டது. ஆபீஸே சிரித்தது. "ஒரே நாள்ல மூணு தடவ வந்துட்டுப் போயிருக்காருய்யா" என்று ஸ்டோர்ஸ்காரர் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டே திருத்தினேன். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஒருவருக்கு நாள் கூடிப்போனால் ஊரே பார்த்துச் சிரிக்கும், உடனே திருத்திவிடுவோம். குறைந்துபோனால் அது பார்க்க வெகு நியாயமான எண்ணாக இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிறகு கம்பெனி கை மாறியது. புதிதாக வாங்கியவர்கள் ஒரு விதி வைத்தார்கள். இதுவரை மொத்தம் மூவாயிரம் நாள் வேலை செய்தவர்கள் நிரந்தரம். அதற்குக் கீழே இருப்பவர்கள் கான்ட்ராக்டர் கைக்குப் போக வேண்டும், அவர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. பட்டியலை யார் எடுப்பது? நான்தான். ஒரு வாரம் கொடுத்தார்கள், ஒரே காலையில் எடுத்துக் கொடுத்தேன்.

சரிபார்க்காமல் கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். எல்லோருடைய நாட்களையும் கூட்டி வந்த மொத்தத்தை, பழைய மஸ்டர்களின் கடைசிப் பக்கங்களில் நான் போட்டு வைத்திருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டேன். ஒரு நாள் கூடவில்லை, ஒரு நாள் குறையவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் தோளில் தட்டினார். ஒருத்தியை இரண்டாக வெட்டினாலும் மொத்தம் மாறாது என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஆட்களின் எண்ணிக்கை மட்டும் நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. என் பெயர் இருந்தது. ஆணுக்கு எழுத்து எங்கே மாறுகிறது, என் வரி பிறந்ததிலிருந்து ஒரே வரி. அன்று முழுக்க என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். எனக்கு இன்னும் அதிகம் இருக்கும், இன்னும் அதிகம் இருக்கும் என்று ஆளாளுக்குச் சண்டை. ஒவ்வொருவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டினேன். லீவில் போனதை மறந்தவர்கள், வராத நாளை வந்ததாக நினைத்தவர்கள், பாதிப்பேர் அப்படித்தான். மத்தியானத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, பொறுமையும் போய்விட்டது. நான் சொல்வதுதான் சரி, வருகிறவர்கள் எல்லாம் தப்பு என்கிற எண்ணம் தலைக்கு ஏறியிருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம் அவள் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணா, என் பேரு இல்லியேண்ணா."

'செ' போட்டு அவள் பெயரை அடித்தேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது என்று வந்தது. திரையைத் திருப்பினேன். "பாரும்மா. மூவாயிரம் வரல."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். "அவ்ளோதானாண்ணா? எம்பொண்ணு பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டேனே நானு."

அந்தப் பெயரில் எங்கள் கம்பெனியில் ஆறு பேர் இருந்தார்கள். திரையில் அவள் வரிக்கு மேலேயும் கீழேயும் அதே பெயர்கள்தான். நேர் மேலே இருந்தது 'கோ'. அந்த வரியின்மேல்தான் என் விரல் இருந்தது.

"எட்டு வருஷம் வருது. கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதும்மா. சும்மா சும்மா வந்து நின்னா நான் எப்ப வேல பாக்கறது?" என்றேன்.

"சரிண்ணா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, ஏதோ என் நேரத்தைக் கெடுத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் நின்ற ஆளை, "உனக்கு இன்னா?" என்று அதட்டினேன்.

கான்ட்ராக்டர் முதலில் மாதம் முழுக்கக் கூப்பிட்டார். பிறகு பன்னிரண்டு நாள், பிறகு ஐந்து நாள். ஒரு பொங்கலுக்குப் பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இறால் உரிக்கப் போகிறாள் என்று சொன்னார்கள். முதலியார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அடிக்கடி பார்ப்பேன். தோளில் நாங்கள் தைத்த பழைய பையே ஒன்று தொங்கும். "எப்படிம்மா இருக்க?" என்றால் சிரிப்பாள். ஒரு நாள் அவள் விரல் நுனிகளைப் பார்த்தேன். இறால் முள் குத்திக் குத்தி, ஐஸ் தண்ணீரில் ஊறி, வெள்ளையாக உரிந்திருந்தன. அந்த விரலால் இனி ஊசிக்கண்ணில் நூல் ஏற்றுவது கஷ்டம். ஐயோ பாவம் என்று நினைத்தேன். ஐயோ பாவம் என்று மட்டும்தான் நினைத்தேன், அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்படி மூன்று வருஷம் போனது. என் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் ஆதாரில் இனிஷியலை மாற்றிவிடலாம் என்றார்கள், மாற்றினோம். அடுத்த மாதமே வங்கியில் பெயர் பொருந்தவில்லை என்று பிரச்சினை. மகளும் நானும் வங்கியில் போய் நின்றோம். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இதுல 'ரா' போட்டு ஒருத்தவங்க இருக்காங்க, அதுல 'வே' போட்டு ஒருத்தவங்க. ரெண்டும் ஒரே ஆளுன்னு லெட்டர் வேணும்" என்றாள்.

மகள் என்மேல் எரிந்து விழுந்தாள். "இன்னாப்பா இது? நான் இன்னா ரெண்டு ஆளா? கல்யாணம் பண்ணா ஒருத்தி செத்துப்போய் இன்னொருத்தி பொறந்துடறாளா?"

என் காதில் "செ" என்று ஒரு குரல் கேட்டது. செங்கல்லா, செம்பருத்தியா என்ற என் குரலும் கேட்டது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள்.

மறுநாள் ஆபீஸில் பழைய டேட்டாவைத் திறந்தேன். 'கோ' வரி: ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு நாள். அதன் கடைசி நாள், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு. 'செ' வரியின் முதல் நாள், கல்யாணம் முடிந்து பத்தாம் நாள், மைசூர்பாகு தின்ற நாள். இரண்டையும் கூட்டினால் நான்காயிரத்து நூற்று அறுபத்தைந்து. மூவாயிரம் என்ன, அதைத் தாண்டி ஆயிரம் நாளுக்கு மேல் போகிறது. மற்ற பெண்களையும் பார்த்தேன். பட்டியல் எடுத்தபோது வேலையில் இருந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் இப்படிப் பிளந்து கிடந்தார்கள், ஆனால் சேர்த்தாலும் அவர்களுக்கு மூவாயிரம் வரவில்லை. எல்லாம் சேர்ந்து விடிந்தது அவள் ஒருத்தி தலையில்தான். இனிஷியலை விட்டுவிட்டு, ஒரே பெயரில் ஒரு வரி நின்ற கையோடு இன்னொரு வரி தொடங்குகிறதா என்று தேதியைப் பார்த்திருந்தால் போதும். அதைச் செய்ய எனக்கு அன்று ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்போதைய மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். முழுவதும் கேட்டார். "சார், அந்த லிஸ்ட்ல எல்லாரும் கையெழுத்து போட்டு முடிஞ்சுபோச்சு. இப்ப கிளறினா நீங்கதான் மாட்டுவீங்க. ரிட்டையர் ஆகப் போற நேரத்துல எதுக்கு சார்?" என்றார். எழுத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன், மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்.

அவளிடம் உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பதில் வரட்டும், நல்ல செய்தியோடு போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். பஸ் ஸ்டாப்பில் அவளைத் தூரத்தில் பார்த்தால் தெரு மாறிப் போனேன். அப்படியே ஒன்பது வாரம் ஓட்டினேன். பிளந்தது தெரியாமல் செய்தது. இந்த ஒன்பது வாரம் தெரிந்தே செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மட்டும்தான் இருந்தாள். "வாங்கண்ணா, வாங்க. இன்னாண்ணா திடீர்னு?" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எதிர்ச் சுவரில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பாதி அழிந்த பெயின்ட்டில் என் கையெழுத்து. அவள் பெயருக்கு முன்னால் 'கோ'. கீழே, எங்கள் கம்பெனி நண்பர்கள். அவள் கல்யாணத்துக்கு முன்பே எங்களிடம் வேலை பார்த்தாள் என்பதற்கு நானே எழுதிக் கொடுத்த சாட்சி, இத்தனை வருஷமும் அங்கே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயும் வளைத்து வளைத்துத்தான் சொன்னேன். அவளுக்கு அட்டவணை, வரி என்பதெல்லாம் பிடிபட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இனிஷியல் என்றதும் புரிந்துகொண்டாள்.

"நான் சொன்னேனேண்ணா அன்னிக்கு."

"சொன்ன."

"பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்னு சொன்னேன்."

"சொன்னம்மா. நான்தான் கேக்கல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவுமில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நீங்க காட்டினதும், நான்தான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கேன் போலன்னு ஆயிடுச்சுண்ணா. வீட்லயும் அப்படித்தான் சொன்னேன், எட்டு வருஷந்தான் ஆச்சாம்னு. அவருகூட கேட்டாரு, கல்யாணத்துக்கு முன்னாடியே நீ போயிட்டுதானே இருந்தன்னு. நான்தான் சண்ட போட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்தேன், உனக்கு இன்னா தெரியும்னு."

வேலை போனது ஒன்று. தான் வாழ்ந்த ஆறு வருஷத்தைத் தானே இல்லை என்று நம்பும்படி செய்திருக்கிறேன், அதற்காகப் புருஷனோடு சண்டை வேறு போட வைத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன், மறுபடியும் கேட்கிறேன் என்றேன். அந்த வார்த்தைகளுக்கு என் காதிலேயே மதிப்பில்லை.

"அதெல்லாம் வராதுண்ணா" என்றாள் சாதாரணமாக. பிறகு, "மொத்தம் எவ்ளோ வருது?" என்று கேட்டாள்.

"நாலாயிரத்து நூத்தி அறுபத்தஞ்சு."

"நாளா?"

"நாள்தான்."

நாலாயிரத்து நூத்தி அறுபத்தஞ்சு என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுங்கண்ணா. நீங்க எழுதினா அழகா இருக்கும். அவரு வந்தா காட்டணும்."

எழுத உட்கார்ந்தேன். முதலில் பெயர். பேனா தாளில் பட்டதும் நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"எந்த இனிஷியல் போடட்டும்மா?"

"எதுவும் வேணாம்ணா" என்றாள். "பேரு மட்டும் போடுங்க."

எழுதினேன். அத்தனை வருஷம் அவள் பெயரை மாதா மாதம் எழுதியவன் நான். முன்னால் யாருடைய எழுத்தும் இல்லாமல் அதை எழுதியது அன்றுதான்.